60 லிட்டர் தொட்டியில் இரண்டு டிஸ்கஸ் விடலாமா? தொடங்குகிறவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: வீட்டில் 60 லிட்டர் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு சின்ன டிஸ்கஸ் மீன் வாங்கி அதில் விட்டுத் தொடங்கலாமா? ஆர்.ஓ. தண்ணீர் (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) கட்டாயமா? பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) எவ்வளவு இருக்க வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால், 60 லிட்டர் போதாது. இரண்டு மீனும் போதாது, குறைந்தது ஆறு வேண்டும். சின்ன மீன் வேண்டாம். ஆர்.ஓ. தேவையில்லை. பி.எச். எந்த எண்ணில் இருக்கிறது என்பதைவிட, அந்த எண் நாளுக்கு நாள் மாறாமல் நிற்கிறதா என்பதே முக்கியம். டிஸ்கஸுக்கு 'எளிதில் செத்துப்போகும் மீன்' என்ற பெயர் உண்டு. சரியாக அமைத்த தொட்டியில் அது பத்து ஆண்டு வாழும். அந்தக் கெட்ட பெயர் வந்ததற்கு, மீன் வீட்டுக்கு வரும் முன்பே எடுக்கப்பட்ட மூன்று தவறான முடிவுகள்தான் பெரும்பாலும் காரணம்: தொட்டி சிறியது, ஃபில்டர் பழகவில்லை (கழிவை மாற்றும் பாக்டீரியா அதில் இன்னும் வளரவில்லை), வாங்கிய மீன் மிகச் சிறியது.

ஏன் ஆறு மீன் என்று முதலில் பார்ப்போம். டிஸ்கஸ் சிக்லிட் குடும்பத்து மீன். பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும், கூட்டத்துக்குள் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்கிப் போவது என்ற வரிசை எப்போதும் இருக்கும். இரண்டே மீன் இருந்தால் வலுத்தது மற்றதை நாள் முழுக்கத் துரத்தும். மூன்று இருந்தால் இரண்டு சேர்ந்து ஒன்றை மூலையில் அடைத்துவிடும். அடைபட்ட மீன் தின்னாது, கறுத்துப் போகும், பிறகு நோயில் விழும். ஆறு இருந்தால் துரத்தல் எல்லோர் மேலும் பரவிவிடும், எந்த ஒன்றின் மீதும் முழுப் பாரம் விழாது.

வளர்ந்த டிஸ்கஸ் 15 செ.மீ. இருக்கும். நன்றாக வளர்ந்தால் 18 செ.மீ.யைத் தாண்டும். ஒரு பெரிய மீனுக்குச் சுமார் 40 லிட்டர் என்பது நடைமுறைக் கணக்கு. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 255 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் உள்ளே வைக்கும் பொருட்களும் போக, 220 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறு மீனுக்கு இதைவிடக் கீழே இறங்க வேண்டாம். உயரத்திலும் குறைக்கக் கூடாது. துடுப்புகளோடு சேர்த்தால் இந்த மீன் நீளத்துக்குச் சமமாக உயரமும் உள்ளது.

இந்த அளவுத் தொட்டி, தண்ணீர், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 300 கிலோ வரை வரும். ஸ்டாண்டு ஆடாமல், மட்டமாக நிற்க வேண்டும். கதவுக்குப் பக்கத்திலோ ஆள் நடமாட்டம் ஓயாத இடத்திலோ வைக்காதீர்கள். திடீரென்று நிழல் விழுந்தால் டிஸ்கஸ் மிரண்டு கண்ணாடியில் மோதிக்கொள்ளும். காலையில் முதலில் அறை விளக்கைப் போட்டு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுவது நல்லது.

இருக்கிற 60 லிட்டர் தொட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். நோயுற்ற மீனைத் தனியாக வைத்து மருந்து போடவும், பின்னால் வாங்கும் புது மீனைத் தனிமையில் வைத்துப் பார்க்கவும் அதைவிடப் பொருத்தமான தொட்டி கிடையாது.

இனி தண்ணீர். டிஸ்கஸின் பூர்வீகம் அமேசான் ஆற்றுப்படுகை. 1840இல் ஹெக்கல் என்ற உயிரியலாளர் விவரித்த இனம் வாழும் ரியோ நெக்ரோ போன்ற கருநீர் ஆறுகளில் உப்பே இல்லாத அளவுக்கு மென்மையான, பி.எச். 5க்கும் கீழே போகும் அமிலத் தண்ணீர் ஓடுகிறது. புத்தகங்களில் வரும் பயமுறுத்தும் எண்கள் அங்கிருந்து வந்தவை. கடைக்கு வருகிற மீன்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருவதில்லை. மலேசியா, தாய்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளின் பண்ணைகளில் பல தலைமுறையாகத் தொட்டியில் பிறந்து வளர்ந்தவை அவை. பி.எச். 6.0 முதல் 7.5 வரை எங்கு நிலையாக நின்றாலும் அவை நன்றாகத் தின்று வளரும். 7.8 வரையிலும் கூடச் சமாளிக்கும். காட்டில் பிடித்த மீன் என்றால் கதை வேறு, தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பி.எச். குறைக்கும் திரவங்களை வாங்காதீர்கள். தண்ணீரில் கார்பனேட் கடினம் (பி.எச். மாறாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் உப்புகளின் அளவு) இருந்தால், நீங்கள் ஊற்றும் அமிலத்தை அது விழுங்கிக்கொண்டு சில மணி நேரத்தில் பி.எச். பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மறுபடி ஊற்றுவீர்கள், மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்கிறது, 7.4 என்ற எண் அல்ல.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது கார்பனேட்டைச் செலவழிக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் கார்பனேட் ஏறக்குறைய இல்லை. சில நாட்களில் பி.எச். சரிந்து 6க்கும் கீழே போகும். அந்த அமிலத்தில் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும், அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற அதிகம் தீங்கில்லாத வடிவில் இருப்பதால் மீன் நன்றாகவே தெரியும். தண்ணீர் மாற்ற வேண்டும் என்று நீங்கள் பி.எச். 7.5 உள்ள புதுத் தண்ணீரைப் பாதித் தொட்டி அளவுக்கு ஊற்றுகிற நேரத்தில் அம்மோனியத்தின் ஒரு பகுதி நச்சு அம்மோனியாவாக மாறும். 'தண்ணீர் மாற்றினேன், மறுநாள் எல்லாம் செத்துவிட்டது' என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

கார்பனேட் கடினம் 3 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். அதைத் தாண்டி மிகவும் உப்பாக இருந்தால் பாதி ஆர்.ஓ., பாதி குழாய்த் தண்ணீர் என்று கலந்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் கலந்து ஊற்றுங்கள்.

உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. குழாயிலிருந்து பிடித்தவுடன் பி.எச். பாருங்கள். அதே தண்ணீரை ஒரு வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் சில இடங்களில் 7.0 என்பது 7.8 ஆக ஏறும். வித்தியாசம் 0.3க்கு மேல் இருந்தால் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஒரு நாள் காற்று ஓட விட்டு, பிறகே தொட்டிக்கு ஊற்ற வேண்டும். நகரக் குடிநீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் காற்றோட்டத்தில் போய்விடும். குளோரினுக்குப் பதிலாகச் சில இடங்களில் சேர்க்கும் குளோரமின் அப்படிப் போகாது, அதற்கு அதை நீக்கும் கண்டிஷனர் திரவம் வேண்டும். புதுத் தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் விடுகிறவர்கள், கண்டிஷனரை ஊற்றுகிற தண்ணீரின் அளவுக்கு அல்ல, தொட்டியின் முழு அளவுக்கும் கணக்கிட்டுப் போட வேண்டும்.

ஃபில்டர் பழகுவது பற்றிப் பொறுமையாகப் படியுங்கள், தொடங்குகிறவர்கள் அதிகம் அவசரப்படுவது இங்கேதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் நஞ்சு. நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றித்தான் குறைக்க முடியும். டிஸ்கஸ் விஷயத்தில் இது கூடுதல் கவலை தருவதற்குக் காரணம் வெப்பம். 30 டிகிரி தண்ணீரில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் அது ஏறக்குறைய 7.5 சதவீதம். அதாவது டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டினாலும் ஆபத்து ஒன்பது மடங்கு கூடியிருக்கும்.

மீன் இல்லாமலே ஃபில்டரைப் பழக்குங்கள். தொட்டியை நிரப்பி, ஃபில்டரையும் ஹீட்டரையும் ஓட விட்டு, 28 டிகிரியில் நிறுத்துங்கள். 220 லிட்டருக்கு 1.4 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்து ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா அப்படியே நிற்கும். ஓரிரு வாரத்தில் அது இறங்கத் தொடங்கி நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூஜ்யத்தை நெருங்கும்போதெல்லாம் அதே அளவு மறுபடி போடுங்கள். நைட்ரைட் மிக அதிகமாக ஏறி அங்கேயே நின்றுவிட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றிய 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் முழுக்க மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் நாளில்தான் ஃபில்டர் தயார். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயற்ற தொட்டி என்று உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துப் போட்டால் ஒரு வாரத்தில்கூட முடியும். முடிந்ததும் 80 சதவீதத் தண்ணீரை மாற்றிவிட்டு, ஓரிரு நாளில் மீனை விடுங்கள். அதற்கு மேல் காலியாக வைத்தால் பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

எந்த ஃபில்டர்? 220 லிட்டருக்கு, தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்றும், அதோடு ஏர் பம்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் வைப்பது என் பரிந்துரை. ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் நான்கைந்து முறை ஃபில்டரைச் சுற்றி வந்தால் போதும். டிஸ்கஸுக்கு வேகமான நீரோட்டம் பிடிக்காது, தட்டையான உடம்பு காற்றில் பிடித்த குடைபோல இழுபடும். வெளிவரும் தண்ணீரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி விடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் எதற்கு என்றால், மின்சாரம் போனாலும் பேட்டரி ஏர் பம்பில் அதை ஓட்டலாம். மூடிய கேனிஸ்டரில் பல மணி நேரம் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். அப்படி நின்ற கேனிஸ்டரைத் திறந்து அலசாமல் மறுபடி ஓட விடாதீர்கள். ஸ்பாஞ்சுகளைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் பிழிய வேண்டும், குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் அல்ல.

வெப்பம் 28 முதல் 30 டிகிரி. வளரும் மீனுக்கு 30, பெரிய மீனுக்கு 28 அல்லது 29. இதற்குக் கீழே மாதக்கணக்கில் வைத்தால் தீனி குறையும், எதிர்ப்பு சக்தி குறையும். ஒரு 300 வாட் ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு 150 வாட் ஹீட்டர் வையுங்கள். ஒன்று செயலிழந்தால் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் 150 வாட்டால் தொட்டியை அவ்வளவு விரைவில் சூடாக்கிவிட முடியாது. ஹீட்டரில் இருக்கும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்று போடுங்கள். சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5க்கு இறங்கிவிடும். ஏர் ஸ்டோன் இரவும் பகலும் ஓட வேண்டும்.

தொட்டியின் அடியில் என்ன போடுவது? முதல் ஆண்டு ஒன்றும் போடாமல் வெறும் கண்ணாடியாக விடுவதே நல்லது. அழகு குறைவுதான். ஆனால் தின்னாமல் விட்ட தீனியும் கழிவின் நிறமும் கண்ணுக்குத் தெரியும், சைஃபன் குழாயால் இரண்டு நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். மீன்கள் ஒதுங்கி நிற்க ஊறவைத்த மரத்துண்டு ஒன்றும், அதில் கட்டிய அனுபியாஸ் செடியும் போதும். மீன் முழு வளர்ச்சி பெற்ற பிறகு, மெல்லிய மணலை ஒரு அங்குலத்துக்கு மிகாமல் பரப்பலாம். மணலில் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி இரை தேடுவது டிஸ்கஸின் இயல்பு, அதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. இந்தச் சூட்டைத் தாங்கும் செடிகளில் அமேசான் ஸ்வார்டு, அனுபியாஸ், வாலிஸ்னேரியா ஆகியவை நம்பகமானவை. கூழாங்கல் மட்டும் வேண்டாம், இடுக்குகளில் தீனி அழுகும்.

மீன் தேர்வுக்கு வருவோம். 4, 5 செ.மீ. குஞ்சுகள் விலை குறைவு என்பதால் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் டிஸ்கஸ் தன் வளர்ச்சியில் பெரும்பகுதியை முதல் ஓராண்டில் முடித்துவிடுகிறது. அந்தக் காலத்தில் நாளுக்கு ஐந்தாறு முறை தீனியும், ஏறக்குறைய தினமும் பெரிய அளவில் தண்ணீர் மாற்றமும் வேண்டும். தவறினால் மீன் குட்டையாகிவிடும், பிறகு எவ்வளவு கவனித்தாலும் மீளாது. ஆகவே 9, 10 செ.மீ. அளவுள்ள மீன்களை, ஆறையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்குங்கள். இரண்டு இடத்து மீன்களைக் கலந்தால் ஒவ்வொன்றும் பழகிப்போய்ச் சுமந்துகொண்டிருக்கும் கிருமி மற்றதுக்குப் புதிதாக இருக்கும். 'டிஸ்கஸ் பிளேக்' என்று வளர்ப்போர் அஞ்சும் தொற்று பெரும்பாலும் இப்படிக் கலக்கும்போதுதான் வெடிக்கிறது: மீன் கறுத்து, உடம்பில் சளி உரிந்து, எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கும்.

கடையில் பார்க்க வேண்டியது கண். உடம்போடு ஒப்பிட்டால் கண் சிறியதாக இருக்க வேண்டும். சிறிய உடம்பில் பெரிய கண் என்றால் அந்த மீன் வயதானது, ஆனால் வளராதது. உடம்பு வட்டமாக இருக்க வேண்டும், நீண்டு முட்டைபோல இருக்கக் கூடாது. நெற்றி எதிரிலிருந்து பார்க்கும்போது ஒட்டிப்போய்க் கத்தி முனைபோல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு செவுளும் சமமாக அசைய வேண்டும். ஒரு பக்கம் மூடியபடி மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடுவது செவுள் புழுவின் அடையாளம். உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள், ஓடி வந்து தின்னாத மீனை வாங்காதீர்கள். 5 செ.மீ. குஞ்சு பெரிய மீனின் முழு நிறத்தோடு ஜொலித்தால் ஹார்மோன் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வந்தபின் நிறம் வெளுக்கும், இனப்பெருக்கமும் கெடலாம்.

வகையைப் பொறுத்தவரை, உடம்பில் குறுக்குப் பட்டைகள் தெரியக்கூடிய டர்க்காய்ஸ் வகைகளைத் தொடக்கக்காரர்களுக்குச் சொல்வேன். அந்தப் பட்டைகள் மீனின் மனநிலையைக் காட்டும். மிரண்டாலோ உடம்பு சரியில்லை என்றாலோ அவை இருளும், சரியானதும் மங்கும். தாய்லாந்தில் உருவான பிஜியன் பிளட் வகையிலும் அதன் வழிவந்த பல சிவப்பு, மஞ்சள் வகைகளிலும் பட்டைகளே கிடையாது, அதனால் முதல் எச்சரிக்கை கண்ணில் படாது. பிஜியன் பிளட் வாங்கினால் பின்புறம் கறுப்புத் தாள் ஒட்டாதீர்கள். இருண்ட சூழலில் அதன் உடம்பில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறும்புள்ளிகள் கூடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். நெடும்பயணம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முறை இங்கே உதவாது. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், கழிவும் சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏற, அந்தக் கழிவு நச்சு அம்மோனியாவாகும். விற்பவரின் தண்ணீர் டி.டி.எஸ்., பி.எச். இரண்டையும் முன்பே கேட்டு, உங்கள் தொட்டியை அதற்கு நெருக்கமாக வைத்திருங்கள். வெப்பம் சமமானதும் மீனை மட்டும் மெதுவாக எடுத்து விட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் தின்னாமல் மூலையில் நிற்கலாம், பதற வேண்டியதில்லை. அந்த நாட்களில் மருந்து, உப்பு, விட்டமின் என்று எதையும் ஊற்றாதீர்கள்.

தீனி. 10 செ.மீ. மீனுக்கு நாளுக்கு நான்கு முறை, 14 செ.மீ. தாண்டியதும் இரண்டு அல்லது மூன்று முறை. டிஸ்கஸ் கொத்திக் கொத்தித் தின்னும் மீன், விழுங்கும் மீன் அல்ல. போட்டதைப் பத்து நிமிடத்தில் தின்றுமுடிக்கும் அளவே போடுங்கள், மிஞ்சியதை உறிஞ்சி எடுங்கள். மெதுவாக மூழ்கும் டிஸ்கஸ் குருணையை அன்றாடத் தீனியாகப் பழக்குங்கள். உறைந்த ஆர்ட்டீமியாவும் பிளட் வார்மும் சேர்க்கலாம். பிளட் வார்ம் மட்டுமே கொடுத்துப் பழக்கிவிட்டால் மீன் வேறெதையும் தொடாது, அதில் மட்டும் சத்தும் நிறையாது. உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வேண்டவே வேண்டாம், சாக்கடைச் சேற்றில் வளரும் அது குடல் நோயைக் கூடவே கொண்டுவரும்.

வீட்டிலேயே கலவை செய்ய விரும்பினால்: ஓடு நீக்கிய இறால் 500 கிராம், முள் இல்லாத வெள்ளைச் சதை மீன் 300 கிராம், வேகவைத்துப் பிழிந்த கீரை 100 கிராம், ஸ்பிருலினா இரண்டு தேக்கரண்டி, பூண்டு இரண்டு பல். எல்லாவற்றையும் அரைத்து, வெந்நீரில் கரைத்த 20 கிராம் ஜெலட்டினைக் கலந்து, பிளாஸ்டிக் பையில் 3 அல்லது 4 மி.மீ. தடிமனுக்குத் தட்டையாக்கி உறைய வையுங்கள். தேவைப்படும்போது சிறு துண்டு உடைத்துப் போடலாம். மாட்டு இதயக் கலவை பண்ணைகளில் வேகமாக வளர்க்கப் பயன்படுகிறது. கொழுப்பை ஒட்ட அகற்ற வேண்டும், தண்ணீரும் விரைவில் கெடும், தினமும் தண்ணீர் மாற்ற முடியாதவர்களுக்கு அது சரிவராது.

தண்ணீர் மாற்றம்: வளரும் காலத்தில் நாளுக்கு 30 சதவீதம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 50 சதவீதம். முழுதாக வளர்ந்தபின் வாரத்துக்கு இரண்டு முறை 40 சதவீதம். ஊற்றும் தண்ணீரின் வெப்பம் தொட்டியிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 40ஐத் தொட்டால் மாற்றம் போதவில்லை என்று பொருள். வாரம் ஒருமுறை உள்கண்ணாடியைத் துடையுங்கள், வழுவழுப்பாகப் படியும் படலத்தில் பாக்டீரியா பெருகும். இந்த வேலைக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்க முடியுமா என்பதை மீன் வாங்கும் முன் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

நோய் பற்றி ஒரு விதி: மீன் கறுத்தால், ஒதுங்கினால், தின்ன மறுத்தால், முதலில் கையில் எடுக்க வேண்டியது டெஸ்ட் கிட், மருந்து அல்ல. அம்மோனியா, நைட்ரைட், வெப்பம், பி.எச். நான்கையும் பாருங்கள். பாதித் தண்ணீர் மாற்றுங்கள். பாதிப் பிரச்சினைகள் அதிலேயே தீரும். தண்ணீர் சரியாக இருந்தும் தொடர்ந்தால் இரண்டை முதலில் சந்தேகிக்கலாம்.

ஒன்று குடல் ஒட்டுண்ணி. கழிவு வெள்ளையாக, ஜவ்வுபோல நீண்டு தொங்கும், மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பும், நெற்றி ஒட்டும். ஒரே ஒரு நாள் வெள்ளைக் கழிவு வெறும் வயிற்றாலும் வரும், தொடர்ந்து வந்தால்தான் கவலை. மீன் இன்னும் தின்கிறது என்றால் 100 கிராம் தீனியில் 1 கிராம் மெட்ரோனிடசோல் கலந்து ஒரு வாரம் கொடுப்பது சிறந்தது. தின்னவில்லை என்றால் 60 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற கணக்கில் மருந்தைத் தண்ணீரில் போட்டு, வெப்பத்தை மெதுவாக 32க்கு ஏற்றி, காற்றைக் கூட்டுங்கள். தினமும் பாதித் தண்ணீர் மாற்றிவிட்டு மருந்தை மறுபடி போட வேண்டும்.

மற்றது செவுள் புழு. மீன் பொருட்களில் உரசும், வேகமாக மூச்சு வாங்கும், ஒரு செவுளை மூடிக்கொள்ளும். இதற்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து போட வேண்டும். அது தண்ணீரில் எளிதில் கரையாது, சிறிது தண்ணீரில் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். முட்டைகளை அது கொல்லாது, ஆகவே ஒரு வாரம் கழித்து மறுமுறை போடாவிட்டால் செய்த வேலை வீண். எந்த நோய் என்று தெரியாமல் ஆன்டிபயாடிக் ஊற்றுவதைத் தவிர்த்து, மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

கூட்டாளி மீன்களைப் பொறுத்தவரை, 29 டிகிரியைத் தாங்குகிறதா என்பதே முதல் கேள்வி. கார்டினல் டெட்ரா, ரம்மிநோஸ் டெட்ரா, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் தாங்கும். நியான் டெட்ரா, கோல்டு ஃபிஷ் தாங்காது. ஏஞ்சல் மீன் தீனியை முந்திக்கொள்ளும், தனக்கு நோய் தெரியாமலே ஒட்டுண்ணியைக் கொடுக்கவும் செய்யும். பெரிய பிளிகோ வகைகள் இரவில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டிச் சளியைச் சுரண்டும். எதைச் சேர்த்தாலும் அந்த 60 லிட்டர் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் தனிமையில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும். இரண்டு தொட்டிக்கும் வலை, வாளி, சைஃபன் குழாய் தனித்தனியாக இருக்கட்டும்.

ஆறு மீனும் ஓராண்டைத் தாண்டும்போது அவற்றுள் ஒரு ஜோடி பெரும்பாலும் தானாகவே சேரும். இரண்டும் எதிரெதிரே தலை தாழ்த்தி நடுங்கும், ஃபில்டர் குழாயையோ மரத்தையோ வாயால் துடைத்துச் சுத்தம் செய்யும். பார்வையில் ஆண் பெண் பிரிக்க முடியாது. முட்டையிடும் நேரத்தில் மட்டும் பெண்ணின் குழாய் அகலமாகவும் மழுங்கியும், ஆணின் குழாய் மெலிந்து கூராகவும் தெரியும். பொதுத் தொட்டியில் இட்ட முட்டையை மற்ற மீன்கள் தின்றுவிடும், முதல் சில ஈடுகளைப் பெற்றோரே தின்பதும் வழக்கம்.

குஞ்சு எடுக்க வேண்டும் என்றால் 100 லிட்டர் தனித் தொட்டியும், ஸ்பாஞ்ச் ஃபில்டரும், கூம்பு வடிவ மண்சட்டியும் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீருக்கு இங்கேதான் உண்மையான வேலை, கடினமான தண்ணீரில் முட்டைகள் சரியாகக் கருவுறாமல் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, தோல் சுரக்கும் சளியைத் தின்றே முதல் நாட்களைக் கழிக்கும். இதில் இறங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், ஜோடி சேர்ந்த வாரத்தில் மற்ற நான்கையும் கவனியுங்கள். ஜோடி தொட்டியின் பாதியைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு மற்றவற்றை நெருக்கும். துடுப்பு கிழிகிற அளவுக்குத் துரத்தல் போனால், நடுவில் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்து, முட்டை தின்னப்பட்டு ஜோடி ஓய்ந்தபின் எடுத்துவிடலாம்.